கரையில் உட்கார்ந்திருந்தவள்

நடுவர் அவர்களே, எதிரணியில் எனக்கு முன் பேசி அமர்ந்த பெரியவரே, அவையோரே, வணக்கம்.

‘குழந்தைப் பருவம் சிறந்திருந்தது கட்டற்று வளர்ந்த அன்றா, கண்பார்வையில் வளரும் இன்றா?’ என்பது தலைப்பு. நான் ‘இன்றே’ என்று வாதாட வந்திருக்கிறேன். ஆனாலும் பெரியவர் பேசும்போது நானும் கைதட்டினேன், மறைக்கவில்லை. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவாராம். மரத்திலிருந்து விழுவாராம், ஆற்றில் குதிப்பாராம், எங்கே போனாய் என்று கேட்க ஓர் ஆளும் கிடையாதாம். அவர் சொல்லச் சொல்ல அந்த ஆற்றுத் தண்ணீர் என் காலையும் நனைத்தது.

நடுவே ஒரு வாக்கியம் வழுக்கிக்கொண்டு போனதே, கவனித்தீர்களா? ‘நான் நீந்தும்போது அக்கா கரையில் உட்கார்ந்து என் துணியைப் பார்த்துக்கொள்வாள்’ என்றார். அவை சிரித்தது. அவர் அடுத்த கதைக்குப் போய்விட்டார். நான் இன்னும் அந்தக் கரையில்தான் நிற்கிறேன்.

அந்த அக்காவுக்கு என்ன வயது, ஐயா? உங்களுக்கு எட்டு என்றால் அவளுக்குப் பத்தோ பதினொன்றோ இருக்கும். அவளும் குழந்தைதானே, ஏன் குதிக்கவில்லை? நீச்சல் தெரியாது என்பீர்கள். தண்ணீரில் இறங்க விட்டிருந்தால் அல்லவா தெரிந்திருக்கும்! அவள் மடியில் ஒரு கைக்குழந்தையும் இருந்திருக்கும். அதைப் பெரியவர் சொல்லவில்லை, என் அனுபவத்திலிருந்து நான் சேர்க்கிறேன். எங்கள் வீட்டில் அண்ணன் பட்டம் விடப் போவான். நான் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று, வானத்தில் எது அண்ணனுடைய பட்டம் என்று தேடுவேன். இடுப்பு வலித்தால் பக்கம் மாற்றிக்கொள்வேன். அவ்வளவுதான் எனக்கு வாய்த்த விளையாட்டு. இன்றைக்கும் அண்ணன் பெருமையாகக் கேட்பான்: ‘நம்மையெல்லாம் அந்தக் காலத்தில் யார் கவனித்தார்கள்?’ நான் கவனித்தேன், அண்ணா. எனக்கு அப்போது ஒன்பது வயது.

கண்காணிப்பே இல்லாமல் வளர்ந்தோம் என்கிறது எதிரணி. தாராளமாக இருந்தது கண்காணிப்பு. பெரியவர்கள் சுமக்க வேண்டியதை ஒரு சிறுமியின் இடுப்பில் ஏற்றிவிட்டு, மிச்சப் பிள்ளைகள் அனுபவித்ததற்குச் சுதந்திரம் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்.

இது என் வீட்டுப் புலம்பல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். எதிரணி ஒரு புள்ளிவிவரத்தை நீட்டியது. 1971-இல் இங்கிலாந்தில் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குப் போனார்கள், 1990-இல் அது 9 சதவீதமாகிவிட்டது என்றார்கள். உண்மைதான், மேயர் ஹில்மன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு அது. பாதியைப் படித்துவிட்டு மூடிவிட்டார்களே என்பதுதான் என் வருத்தம். பையன்களுக்குக் கிடைத்த அனுமதி சிறுமிகளுக்குக் கிடைக்கவில்லை என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. பிள்ளையைத் தனியே விடாததற்குப் பெற்றோர் சொன்ன முதல் காரணம் சாலைப் போக்குவரத்து என்பதும் இருக்கிறது. வீதியைக் காருக்குக் கொடுத்தது ஒரு தலைமுறை. பயந்து பிள்ளையின் கையைப் பிடித்ததற்குத் திட்டு வாங்குவது அடுத்த தலைமுறை.

அதே 1970களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் பிள்ளைகளின் பின்னாலேயே நடந்து, யார் எவ்வளவு தூரம் போகிறார்கள் என்று வரைபடம் போட்டார். இழந்த சொர்க்கம் என்று இன்று பலரும் ஏக்கத்தோடு காட்டும் வரைபடம் அது. அதிலும் பையன்களின் எல்லை பெரிது, சிறுமிகளின் எல்லை சிறிது. சொர்க்கத்துக்குள்ளும் வேலி இருந்திருக்கிறது, பாருங்கள்.

‘நாங்கள் அப்படித்தான் வளர்ந்தோம், எங்களுக்கு என்ன ஆகிவிட்டது?’ என்று பெரியவர் கேட்டபோது பலத்த கைதட்டல். ஆகிவிட்டவர்கள் மேடைக்கு வர முடியாதே, ஐயா! சுழலில் போனவனுக்கு ஒலிபெருக்கி கிடைப்பதில்லை. இதற்கு மேல் நான் விரிக்க வேண்டாம். இங்கேயும் யாராவது ஒருவர் தலை குனிந்து உட்கார்ந்திருக்கக்கூடும்.

இனி, சுதந்திரம் வேண்டாம் என்றா சொல்கிறேன்? இன்றைய பெற்றோரில் சிலர் எல்லை மீறுகிறார்கள். பிள்ளை தும்மினால் அட்டவணை மாற்றுகிறார்கள், கீழே விழுவதற்குள் தூக்கிவிடுகிறார்கள். எனக்கும் எரிச்சல்தான். என் பேரன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வந்தால் நான் உள்ளூர மகிழ்கிற ஆள். என் மகளுக்குத் தெரிந்தால் சண்டை வரும்.

சுதந்திரமாக விளையாட வேண்டுமென்றால் பெரியவர் யாரும் பக்கத்திலேயே இருக்கக் கூடாது என்கிறார்களே, அதைத்தான் மறுக்கிறேன். 1943-இல் டென்மார்க்கில், போர்க்கால ஆக்கிரமிப்பின் நடுவே, கோபன்ஹேகனின் எம்ட்ரப் பகுதியில் ஒரு விளையாட்டு மைதானம் திறந்தார்கள். ஊஞ்சலும் சறுக்குமரமுமாக ஒழுங்குபடுத்திய இடம் இல்லை. பலகை, செங்கல், கழித்துப்போட்ட சாமான்கள், கையில் சுத்தியல், ஆணி. பிள்ளைகள் தாங்களே வீடு கட்டினார்கள், பிடிக்காவிட்டால் இடித்தார்கள். அதுபோன்ற மைதானங்களுக்கு அதுவே முன்னோடி. அங்கே ஜான் பெர்டெல்சன் என்றொருவர் அதற்கென்றே பணியில் இருந்தார். இதைக் கட்டு, அதைத் தொடாதே என்று ஆணையிடுவது அவர் வேலை இல்லை. ஆனால் அவர் அங்கே இருந்தார். வளர்ந்த ஒரு மனிதர், சம்பளம் வாங்கிக்கொண்டு. அதனால் எந்தச் சிறுமியும் தம்பியைத் தூக்கிக்கொண்டு அந்த வேலையைச் செய்ய வேண்டியிருக்கவில்லை. அவள் கையிலும் சுத்தியல் இருக்க முடிந்தது.

இன்று பூங்காக்களில் பெஞ்சில் ஓர் அம்மாவோ அப்பாவோ உட்கார்ந்திருக்கிறார்கள். அதைக் காவல், சிறை என்றெல்லாம் எதிரணி வர்ணித்தது. எனக்கு வேறொன்று தெரிகிறது. பெஞ்சில் பெரியவர் இருப்பதால், பத்து வயதுப் பெண் ஊஞ்சலில் இருக்கிறாள்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். எனக்குப் பின் எதிரணியிலிருந்து ஒருவர் பதில் சொல்ல எழுந்து வருவார். ஆற்றைப் பற்றி மறுபடியும் பேசட்டும், கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. பேசுமுன் பெரியவரிடம் ஒரு விவரம் மட்டும் கேட்டுக்கொண்டு வரட்டும்: துணியைக் காத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்த அந்த அக்காவின் பெயர் என்ன?