179 ரூபாய் 20 காசு

நடுவர் ஐயாவுக்கும் சபைக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். தலாக் சொல்லப்பட்ட பெண்ணுக்குத் துணை சட்டமா, பள்ளிவாசலை ஒட்டிய ஊர்ச் சபையான ஜமாஅத்தா? நாங்கள் சட்டத்தின் பக்கம்.

எதிரணி அண்ணன் ஒரு குத்து விட்டுக் கைதட்டலும் வாங்கிவிட்டார். "சுப்ரீம் கோர்ட் டெல்லியில இருக்கு, ஜமாஅத் பக்கத்துத் தெருவுல இருக்கு. ராத்திரி பத்து மணிக்குப் பெட்டியோட நிக்கிற பொண்ணுக்கு எந்த நீதிபதி வந்து கதவைத் திறப்பார்?" அண்ணே, பதில் இந்தூரில் இருக்கிறது.

அந்த ஊர்ப் பெண் ஷா பானு. 1932-ல் நிக்காஹ், ஐந்து பிள்ளைகள், 1975-ல் வீட்டை விட்டு வெளியேற்றம். கணவர் யார்? வக்கீல்! வருஷ வருமானம் சுமார் 60,000. 1978-ல் அந்தம்மா ஜீவனாம்சம் கேட்டு மனு போட்டதும் தலாக் சொல்லி, மணக்கொடையான மஹர் 3,000 ரூபாயைக் கட்டிவிட்டேன், தலாக்குக்குப் பின் மனைவி காத்திருக்கும் சுமார் மூன்று மாத இத்தாவோடு என் கடமை தீர்ந்தது என்றார். மாஜிஸ்திரேட் போட்டது மாதம் 25 ரூபாய். கணக்குப் போடுங்கள், 43 வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு ஒரு நாளைக்கு முழுசாக ஒரு ரூபாய்கூட இல்லை! உயர் நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 காசு ஆக்கியது. அந்த 20 காசை எப்படிக் கண்டுபிடித்தார்களோ! அதையும் தர மனசில்லாமல் மனுஷன் டெல்லி வரை போனார் பாருங்கள், 1985-ல் தோற்றார்.

சரி, ஜெயித்த பெண்ணை நம் சமுதாயம் என்ன செய்தது? எழுபதை நெருங்கியவரை நாலா பக்கமும் நெருக்கி, 'இந்தத் தீர்ப்பே வேண்டாம்' என்று சொல்ல வைத்தது. 1986-ல் தீர்ப்பை முடக்கச் சட்டமும் வந்தது. எதிரணி கைதட்டலாம், ஆனால் 2001-ல் அதே சட்டத்துக்குள்ளிருந்தே, தலாக் சொல்லப்பட்டவளுடைய எதிர்காலத்துக்கும் சேர்த்து இத்தாவுக்குள் கொடு என்றது உச்ச நீதிமன்றம். 2017-ல் ஒரே மூச்சில் மூன்று முறை சொல்லும் முத்தலாக்கும் செல்லாது என்றாகிவிட்டது.

ஜமாஅத் கதவு திறந்தே கிடந்தால் புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் பெண்களுக்கென்று தனி ஜமாஅத் தொடங்குவானேன்? தன் வழக்கைத் தானே பேசப் பெண்ணுக்கு ஆண்களின் ஜமாஅத்தில் இடமில்லை, அவளைப் பெற்ற அத்தாவோ, அண்ணனான காக்காவோதான் பேச வேண்டும்.

மணி அடிக்காதீர்கள் ஐயா, ஒரே நிமிஷம். மகள் பிள்ளையோடு திரும்பி வந்த வீடு இந்தச் சபையிலும் இருக்கும். யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை, ஆனாலும் அவள் அரை வயிற்றோடு எழுந்துவிடுகிறாள், பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸுக்குக் காக்காவின் முகம் பார்த்து நிற்கிறாள். பெத்த உம்மாவுக்கு மட்டும் அது தெரியும், அவள் கையில் காசு கிடையாது. அந்த உம்மாக்கள் இதோ முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களைப் பார்த்துத் தீர்ப்பைச் சொல்லுங்கள் ஐயா. வணக்கம்.