குலச்சின்னங்களைத் தொகுத்த துறவி: ஷிமோன் ஒகோல்ஸ்கி

அவையோருக்கு வணக்கம்.

1641ஆம் ஆண்டு கிராக்கோவ் நகரில் ‘ஒர்பிஸ் பொலோனுஸ்’, அதாவது ‘போலந்து உலகம்’ என்னும் இலத்தீன் நூலின் முதல் தொகுதி அச்சேறியது. விண்ணின் ஒளிகளாலும், உலகின் வெற்றிகளாலும், விலங்குகளின் அழகாலும், நீர்வாழ்வனவற்றின் எழிலாலும், ஊர்வனவற்றின் சிறப்பாலும் அணிசெய்யப்பட்டது என்று அதன் தலைப்பு நீண்டுகொண்டே போகும். இயற்கை வரலாற்று நூல் என்று எண்ணி எடுத்தவர் ஏமாந்திருப்பார். அந்தப் பிறையும் விண்மீனும் கரடியும் மீனும் பிரபுக்களின் கேடயங்களில் தீட்டப்பட்டவை; நூல் குலச்சின்னங்களைப் பற்றியது. எழுதியவர் ஷிமோன் ஒகோல்ஸ்கி என்னும் கத்தோலிக்க டொமினிக்கன் சபைத் துறவி.

1580இல் பொடோலியாப் பகுதியின் கமியெனெட்ஸ் நகரில், இன்றைய உக்ரைன் மண்ணில், அவர் பிறந்தார். துருக்கியருக்கும் தாத்தாரியருக்கும் எதிரான போலந்தின் எல்லைக் கோட்டை நகரம் அது. அவருடைய குடும்பத்தின் சின்னம் ‘ராவிச்’: முடிசூடிய கன்னி ஒருத்தி கருங்கரடியின் மேல் அமர்ந்திருப்பாள். உலகைத் துறந்தவர் பிறருடைய குலப் பெருமையைத் தொகுப்பதில் ஆண்டுகளைச் செலவிட்டது நமக்கு வியப்பாகத் தோன்றலாம். மடங்களைக் கட்டிக் கொடுத்தவர்களும் அவற்றுக்கு நிலம் எழுதிவைத்தவர்களும் அந்தக் குலத்தார்தாம் என்பதை நினைவில் கொண்டால் அந்த வியப்பு குறையும்.

போலந்தின் குலச்சின்ன வழக்கம் மேற்கு ஐரோப்பாவினுடையதிலிருந்து வேறுபட்டது. அங்கே ஒரு சின்னம் பொதுவாக ஒரு குடும்பத்துக்கே உரியது; போலந்திலோ ஒவ்வொரு சின்னத்துக்கும் தனிப்பெயர் உண்டு, இரத்த உறவே இல்லாத பல குடும்பங்கள் அதைப் பகிர்ந்துகொள்ளும். யார் பிரபு, யார் இல்லை என்று பதிவு செய்யும் அரசு அலுவலகமும் அங்கே கிடையாது. மன்னரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை முதல் நிலம் வைத்திருக்கும் உரிமை வரை எல்லாம் பிறப்பைப் பொறுத்தே அமைந்த நாட்டில், பிரபு என்று பொய்யாகச் சொல்லிக்கொள்ளும் ஆசை எவ்வளவு இருந்திருக்கும்! அதே காலத்தில் வாழ்ந்த வலெரியன் நெகாந்தா திரெப்கா, அவ்வாறு போலியாக உயர்ந்தவர்கள் என்று தாம் கருதிய சுமார் 2500 பேரைத் தேடித்தேடிக் கையெழுத்துப்படியாகத் தொகுத்தார். திரெப்கா வேடத்தைக் கலைக்க முயன்றார். ஒகோல்ஸ்கி மாலை சூட்டினார்.

1645 வரை மூன்று தொகுதிகளாக வந்த அந்த நூலில், ஒவ்வொரு சின்னத்துக்கும் ஒரு மறையுரையே எழுதப்பட்டிருக்கிறது. முன்னோடியான பப்ரோட்ஸ்கியின் 1584ஆம் ஆண்டு நூலிலிருந்து ஒகோல்ஸ்கி பெரிதும் எடுத்துக்கொண்டார். கரடி எதைக் குறிக்கும், பிறை எதைக் குறிக்கும் என்ற விளக்கங்களைத் தாமே வேண்டிய மட்டும் சேர்த்தார். சான்று மெலியும் இடத்தில் புகழுரை பருக்கிறது. நூலின் நடையை நான் ரசிக்கிறேன். அதில் வரும் வம்சாவளிகளை அப்படியே நம்பமாட்டேன்.

அவர் கண்ணால் கண்டு எழுதியது வேறொரு நூல். 1637இல் பாவ்லியூக் தலைமையில், உக்ரைன் புல்வெளியின் போர்வீரக் குடிகளான கொசாக்குகள் போலந்து ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தபோது, போலந்துத் தளபதி மிக்கோவாய் பொட்டோட்ஸ்கியின் படையுடன் ஒகோல்ஸ்கி குருவாகச் சென்றார். டிசம்பரில் குமெய்க்கி என்னுமிடத்தில் வண்டிகளை அரணாகப் பிணைத்துப் போரிட்ட கொசாக்குகள் தோற்றனர். சில நாட்களில் போரோவிட்ஸாவில் சரணடைந்தனர். உயிருக்கு உறுதி தந்தே போலந்துத் தரப்பார் பாவ்லியூக்கைப் பெற்றார்கள். அப்படியிருந்தும் 1638இல் வார்சாவில் அவருடைய தலை வெட்டப்பட்டது. அந்தப் படையெடுப்பின் நாட்குறிப்பை ஒகோல்ஸ்கி 1638இல் ஸமோஷ்ச் நகரில் வெளியிட்டார். அவ்வாண்டின் இரண்டாம் கிளர்ச்சியைக் கூறும் தொடர்ச்சி 1639இல் கிராக்கோவில் வந்தது. இவை இலத்தீனில் அல்ல, போலிஷ் மொழியில் எழுதப்பட்டவை. ஒகோல்ஸ்கி நடுநிலையாளர் அல்லர். அவருக்குக் கொசாக்குகள் கலகக்காரர்கள், பொட்டோட்ஸ்கி வீரர். எனினும், படை நகர்ந்த வழியையும் முகாமில் நடந்தவற்றையும் நாள்வாரியாகக் குறித்துவைக்கும்போது, குலச்சின்னங்களுக்குப் பொருள் கூறிய பேனா அடங்கிவிடுகிறது.

போரோவிட்ஸா சரணாகதியில் கொசாக்குப் படையின் எழுத்தராகக் கையெழுத்திட்டவர் போஹ்தான் க்மெல்னித்ஸ்கி. 1638இன் இரண்டாம் கிளர்ச்சியும் அடங்கியபின் பத்தாண்டுகள் அமைதி நிலவியது. 1648இல் அதே எழுத்தர் தலைமையேற்ற பெருங்கிளர்ச்சியில் பொட்டோட்ஸ்கி தோற்றுச் சிறைப்பட்டார். இலையுதிர் காலத்தில் ல்வூவ் நகரம் (இன்றைய உக்ரைனின் லிவிவ்) முற்றுகையிடப்பட்டது. ரூத்தேனியப் பகுதி (இன்றைய உக்ரைனின் மேற்குப் பகுதியை உள்ளடக்கிய நிலம்) டொமினிக்கர்களின் மாநிலத் தலைமை ஒகோல்ஸ்கியிடம் வந்ததும் அவ்வாண்டில்தான். அப்பகுதியில் தம் சபை செழித்த வரலாற்றை ‘மலர்ந்த ரூத்தேனியா’ என்று பெயரிட்டு அவர் 1646இல்தான் வெளியிட்டிருந்தார்.

1653இல் ல்வூவில் அவர் காலமானார். அடுத்த நூற்றாண்டில் கஸ்பர் நியெஷெட்ஸ்கி என்ற இயேசு சபைக் குரு, ஒகோல்ஸ்கியின் சின்ன நூலையும் பயன்படுத்தி அதைவிடக் கண்டிப்பான தொகுப்பொன்றை உருவாக்கினார். நாட்குறிப்போ எதிர்த்தரப்பின் கைக்குப் போய்ச் சேர்ந்தது: கொசாக்குகளின் வரலாற்றை அவர்கள் பக்கம் நின்று எழுதிய சமியிலோ வெலிச்கோ, பொட்டோட்ஸ்கியின் குருவான இந்தத் துறவியையும் தமக்கு ஆதாரமாகக் கொண்டார்.