கடைசிச் சீட்டு விழுந்தாச்சு: ரிவர்ல பெட் வைக்கலாமா, செக் பண்ணலாமா?

[திரையில்: பிரிக்ஃபீல்ட்ஸ் ஃபிளாட் ஒன்றின் சாப்பாட்டு மேசை. ஐந்து சீட்டு திறந்து கிடக்கிறது, பக்கத்தில் தே தாரிக்.]

வணக்கம். இன்னைக்கு டெக்சாஸ் ஹோல்டம்ங்கிற போக்கர் ஆட்டத்தோட கடைசிச் சுற்று, அதாவது ரிவர். ஆளுக்கு ரெண்டு சீட்டு கையில மறைவா இருக்கும், எல்லாருக்கும் பொதுவான அஞ்சு சீட்டும் மேசையில திறந்தாச்சு. நாம பேசறது சிப் மட்டும் வெச்சு ஆடுற வீட்டு ஆட்டம். மலேசியாவுல உரிமம் உள்ள ஒரே காசினோ கெந்திங் மலைமேலதான் இருக்கு. வீட்டு மேசைக்குப் பணம் வேணாம், கணக்கே போதும்.

முந்தின சுற்றுகள்ல "அடுத்த சீட்டு காப்பாத்தும்"னு ஒரு நம்பிக்கை இருக்கும். ரிவர்ல அதுக்கு வழியே இல்ல. இனிமே பெட் வைக்க, அதாவது சிப்பை நடுவுல தள்ள, ரெண்டே காரணம்தான்: நம்மளைவிட மட்டமான கை கால் பண்ணணும் (அதே அளவு சிப் போட்டுத் தொடரணும்), இல்லன்னா நம்மளைவிட நல்ல கை மடிக்கணும் (சீட்டைப் போட்டுட்டு விலகணும்). ரெண்டும் நடக்காதுன்னு பட்டா செக் பண்ணிடுங்க, அதாவது சிப் எதுவும் போடாம விட்டுடுங்க.

[திரையில்: இஸ்பேட் கிங், இஸ்பேட் 9, டைமண்ட் 4, கிளாவர் 2, கடைசியாக இஸ்பேட் 7. நடுவில் 100 சிப்.]

எதிராளி செக் பண்ணிட்டார். உங்க கையில ஆர்ட்டின் கிங், டைமண்ட் 10. கிங் ஜோடி சேர்ந்த சந்தோஷத்துல நிறைய பேர் 100 சிப்பைத் தள்ளிடுவாங்க. மேசையில மூணு இஸ்பேட் கிடக்கறதைப் பாருங்க. அவ்வளவு பெரிய பெட்டுக்கு 9 ஜோடிக்காரர் மடிச்சிடுவார், ஃப்ளஷ் (ஒரே இனத்துல அஞ்சு சீட்டு) அடிச்சவர் கால் பண்ணுவார். ஜெயிக்கிற இடத்துல கூடுதலா ஒரு சிப் வரல, தோக்குற இடத்துல 100 போச்சு. அதே கைக்கு 30 வெச்சுப் பாருங்க, 9 ஜோடிக்காரர் "பார்த்துடலாமே"ன்னு கால் பண்ணலாம். கால் பண்ற கைகள்ல பாதிக்கு மேல உங்ககிட்ட தோக்கணும், அப்பதான் அந்த பெட் லாபம்.

[திரையில்: அதே மேசை. கையில் இஸ்பேட் ஏஸ், ஆர்ட்டின் குவீன்.]

இப்ப ஜோடிகூட இல்ல. ஆனா ப்ளஃப் பண்ண, அதாவது மட்டமான கையை வெச்சு பெட்டால மிரட்ட, அருமையான கை இது! இஸ்பேட் ஏஸ் உங்ககிட்ட இருக்கு, அப்புறம் ஏஸ் ஃப்ளஷ் அவர்கிட்ட எப்படி இருக்கும்? சின்ன ஃப்ளஷ் வெச்சிருக்கவர்கூட பயப்படுவார். 100 இருக்கிற இடத்துல 100 வெச்சா, ரெண்டுக்கு ஒரு தடவை அவர் மடிச்சாலே கணக்கு சரியாயிடும். அவர் பக்கம் பார்த்தா, 200-ஐ ஜெயிக்க 100 போடணும், மூணுக்கு ஒரு தடவை ஜெயிச்சாலே போதும். அதனால இந்த அளவு பெட்டுல, ரெண்டு நல்ல கைக்கு ஒரு ப்ளஃப் வரைக்கும் போகலாம். அதுக்கு மேல போனா அவர் கண்ணை மூடிட்டு கால் பண்ணலாம்.

ப்ளஃப்னா வெறும் துணிச்சல்னு நினைக்கறவங்களுக்கு இதை நான் கட்டாயம் சொல்லுவேன். கணித மேதை ஜான் வான் நியூமன், ஆஸ்கர் மார்கென்ஸ்டர்னோட சேர்ந்து 1944-ல வெளியிட்ட புத்தகத்துலயே போக்கரைக் கணக்காப் போட்டுக் காட்டியிருக்கார். ரொம்ப நல்ல கைக்கும் ரொம்ப மட்டமான கைக்கும் பெட், நடுத்தரக் கைக்கு செக். என்ன அழகான விடை!

ஆனா எதிர்ல உட்கார்ந்திருக்கறது யாருன்னும் பார்க்கணும். நம்ம மேசைகள்ல எதுக்குமே மடிக்காத அண்ணன் ஒருத்தராவது இருப்பார். அந்த விடாக்கண்டன்கிட்ட ஏஸ்-குவீனை வெச்சு மிரட்டாதீங்க, பேசாம செக் பண்ணுங்க. கிங்-10 வந்தா 30 வைங்க. நிஜமாவே ஏஸ் ஃப்ளஷ் அடிச்சா 100 என்ன, 150-யே வைங்க, அவர் கால் பண்ணுவார்.