கடல் தண்ணீர் வற்றினால் முதலில் வருவது உப்பு இல்லை!

வணக்கம் மக்களே! பத்து லிட்டர் கடல் தண்ணீரை வெயிலில் வற்றவிட்டால் அடியில் முதலில் என்ன படியும்? உப்புதானே என்பீர்கள். இல்லை. முதலில் கொஞ்சம் சுண்ணாம்பு, அப்புறம் ஜிப்சம், அதாவது சாக்பீஸ் செய்கிற அதே பொருள். நாம் சாப்பிடும் உப்பு, பத்து லிட்டரும் சுண்டி ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆகும்வரை வெளியே தலைகாட்டாது. சரி, முழுசாக வற்றட்டும் என்று விட்டால் மெக்னீசியம் உப்புகளும் சேர்ந்து கசக்கும்.

அப்படியானால் தூத்துக்குடி உப்பளத்தில், எந்தத் தண்ணீரை எப்போது அடுத்த பாத்திக்கு விடுவது என்று எப்படித் தெரியும்? கரைசலில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று அளக்கப் பள்ளியில் படித்த மோலாரிட்டி, பியூரெட் எல்லாம் லேபுக்குச் சரி. பாத்திக்கரையில் வேலை செய்வது, தண்ணீரில் மிதந்து அதன் அடர்த்தியைக் காட்டும் ஒரு கண்ணாடிக் குழாய், ஹைட்ரோமீட்டர்.

அடியில் ஈயக்குண்டு போட்ட குமிழ், மேலே மெல்லிய கழுத்து, கழுத்துக்குள் அளவு அச்சடித்த காகிதச் சுருள். உயரமான ஜாடியில் தண்ணீரை மொண்டு இதை மெதுவாக விட்டால், இரண்டு மூன்று தடவை எழும்பி அமுங்கி நிற்கும். நல்ல தண்ணீரில் கழுத்துவரை முங்கும், உப்பு ஏற ஏற மேலே வரும். கண்ணை நீர்மட்டத்துக்கு இறக்கி, கண்ணாடியை ஒட்டி லேசாக ஏறி நிற்கும் தண்ணீரை விட்டுவிட்டு, சமமான மட்டம் எந்தக் கோட்டில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதுதான் டிகிரி, சூட்டின் டிகிரி இல்லை, அடர்த்தியின் டிகிரி.

இந்த டிகிரியை 1768-இல் கொண்டுவந்தவர் அந்துவான் போமே என்ற பிரெஞ்சு மருந்தாளர். அவர் செய்ததைப் பாருங்கள், எனக்கு அவ்வளவு பிடித்த விஷயம் இது: வெறும் தண்ணீரில் மிதக்கவிட்டு 0 போட்டார், 15 பங்கு உப்பை 85 பங்கு தண்ணீரில் கரைத்து, அதில் மிதக்கவிட்டு 15 போட்டார், நடுவே சமமாகக் கோடு கிழித்து அதே இடைவெளியில் நீட்டிக்கொண்டே போனார். அளவுகோலே சாப்பாட்டு உப்பில் பிறந்தது! அதனால்தான் டிகிரியும் உப்பின் சதவீதமும் கிட்டத்தட்ட ஒட்டியே போகின்றன.

கடல் தண்ணீர் சுமார் மூன்றரை டிகிரி. பதின்மூன்றை ஒட்டி ஜிப்சம் படியத் தொடங்கும். 25 தொட்டால் உப்பு பூக்கும், ஏனென்றால் 100 கிராம் கரைசலில் சுமார் 26 கிராமுக்கு மேல் உப்பு கரைந்து நிற்காது. முப்பதை நெருங்கும்போது மிச்சத் தண்ணீரை வடித்துவிட வேண்டும், கசப்பு அதில்தான் இருக்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை, மத்தியான வெயிலில் சூடேறிய தண்ணீர் விரிந்து டிகிரியைக் குறைத்துக் காட்டும்.

இதை வீட்டிலேயே செய்யலாம். நீளமான ஸ்ட்ராவின் அடியைக் களிமண்ணால் அடைத்து, உயரமான டம்ளரில் நட்டுக்குத்தாக மிதக்கவிடுங்கள். நீர்மட்டத்தில் ஒரு கோடு, அது 0. பிறகு 170 மில்லி தண்ணீரில் 30 கிராம் உப்பைக் கரைத்து அதில் மிதக்கவிட்டால், முதல் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே அடுத்த கோடு விழும், அது 15. இடைவெளியை மூன்றாகப் பிரித்து, கீழேயும் அதே அளவில் இரண்டு கோடு போட்டால் 25 வரை அளக்கலாம்.

உங்கள் வீட்டு மாவடு ஜாடித் தண்ணீரை வடிகட்டி அளந்து, எத்தனை டிகிரி என்று கமெண்டில் போடுங்கள். எல்லாவற்றையும் படிக்கிறேன்.