ஏன் ‘டி’யால் பெருக்குகிறோம்?

நேயர்களுக்கு வணக்கம். வானொலியில் கரும்பலகை கிடையாது. அதனால் கணக்கை மெதுவாகச் சொல்கிறேன். ஒரு தாளும் பேனாவும் கையில் இருந்தால் நல்லது.

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், பட்டப்படிப்புப் பிள்ளைகளுக்கு வீட்டில் வைத்துக் கணக்கு சொல்லித்தருகிறேன். வீட்டில் தமிழ், கடைவீதியில் மலையாளம், பரீட்சைத் தாளில் ஆங்கிலம் என்று மூன்றோடும் புழங்குகிற பிள்ளைகள். இரண்டாம் வரிசை நேரியல் வகைக்கெழுச் சமன்பாடு, அதாவது ஓர் அளவையும் அது மாறும் வேகத்தையும் அந்த வேகம் மாறும் வேகத்தையும் இணைக்கும் சமன்பாடு என்று வந்துவிட்டால், “சி.எஃப். போட்டாச்சு டீச்சர், பி.ஐ.தான் வரமாட்டேங்குது” என்பார்கள். சி.எஃப். என்பது நிரப்புச் சார்பு, அதாவது வலப்பக்கம் பூச்சியமாக இருந்தால் வரும் தீர்வு. பி.ஐ. என்பது சிறப்புத் தீர்வு, அதாவது கொடுத்த வலப்பக்கத்துக்குப் பொருந்தும் ஏதாவது ஒரு தீர்வு. இரண்டையும் கூட்டினால் பொதுத் தீர்வு.

சரி, ஒரு கணக்கைப் பார்ப்போம். டி என்பது நேரம், ஒய் என்பது நேரத்தோடு மாறும் அளவு, ஈ என்பது ஒரு நிலையான எண். மாறும் வேகம்தான் முதல் வகைக்கெழு, அந்த வேகம் மாறும் வேகம் இரண்டாம் வகைக்கெழு. ஒய்யின் இரண்டாம் வகைக்கெழு, அதோடு முதல் வகைக்கெழுவின் 3 மடங்கு, அதோடு ஒய்யின் 2 மடங்கு. மூன்றையும் கூட்டினால் ஈயின் அடுக்கு 3டி வரவேண்டும். ஈயின் அடுக்கை எத்தனை முறை வகையிட்டாலும் உருவம் மாறாது, முன்னால் ஒரு எண் மட்டும் வந்து சேரும். ஆகவே விடையும் அதே உருவத்தில்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு, முன்னால் ஏ என்று ஒரு எண்ணைப் போடுகிறோம். இடப்பக்கம் 9ஏ, 9ஏ, 2ஏ, ஆக 20ஏ. அது 1 ஆகவேண்டும் என்றால் ஏ இருபதில் ஒன்று. முடிந்தது. இப்படி ஒன்று கிடைத்தால் போதும். வேறொருவர் வேறொரு சிறப்புத் தீர்வோடு வந்தாலும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நிரப்புச் சார்புக்குள் அடங்கிவிடும்.

இப்போது வலப்பக்கத்தை மட்டும் ஈயின் அடுக்கு கழித்தல் டி என்று மாற்றுங்கள். முன்போலவே ஏயைப் போட்டால் ஏ, கழித்தல் 3ஏ, கூட்டல் 2ஏ, மொத்தம் பூச்சியம். ஏ எதுவானாலும் பூச்சியம்தான். வகைக்கெழுக்களுக்குப் பதில் ஒரு எண்ணின் அடுக்குகளைப் போட்டு, வலப்பக்கத்தைப் பூச்சியமாக்கினால் வருவது துணைச் சமன்பாடு; அதன் மூலங்கள் கழித்தல் 1, கழித்தல் 2. நாம் ஊகித்தது ஏற்கெனவே நிரப்புச் சார்பில் இருக்கிறது. “அப்ப டியால பெருக்கணும்” என்று பிள்ளைகள் விதியைச் சொல்லிவிடுவார்கள். பெருக்கிப் பார்த்தால் ஏ சரியாக 1 என்று வரும். போன ஓணத்துக்கு முந்தின வாரம் ஒரு பெண் கேட்டாள்: “எதுக்கு டீச்சர் டியால பெருக்கணும்?”

முற்றத்தில் புளியமரக் கிளையில் ஊஞ்சல் கட்டியிருந்தோம். அக்கம்பக்கத்தார் ஊஞ்ஞால் என்பது. கயிறு ஏறக்குறைய 4 மீட்டர். அந்த நீளத்துக்கு ஊஞ்சல் ஒரு தடவை போய்த் திரும்ப ஏறக்குறைய 4 விநாடி ஆகும். ஆட்டம் பெரிதாக இல்லாதவரை, உட்கார்ந்திருப்பது சின்னப் பையனானாலும் பெரியவரானாலும் அதே 4 விநாடிதான். இது ஊஞ்சலின் சொந்தத் தாளம், நிரப்புச் சார்பு சொல்லும் தாளம்.

அவள் தம்பியை உட்காரவைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து 3 விநாடிக்கு ஒரு தரம் தள்ளச் சொன்னேன். ஒரு தள்ளு சேர்ந்தது, அடுத்தது எதிரே வருகிற ஊஞ்சலைத் தடுத்தது. ஆட்டம் கூடும், குறையும், அதற்கு மேல் போகவில்லை. அப்புறம் கடிகாரத்தை வைத்துவிட்டு, ஊஞ்சல் பின்னால் வந்து திரும்புகிற நொடியில் மட்டும் மெல்லத் தள்ளச் சொன்னேன். முதல் தள்ளில் ஏறக்குறைய ஒரு சாண் கூடியது. அடுத்ததில் இன்னொரு சாண். எந்தத் தள்ளும் வீணாகவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவு கூடினால், ஆட்டத்தின் வீச்சு கழிந்த நேரத்தின் மடங்காகத்தானே இருக்கும்? அந்த நேரம்தான் டி. கணக்கிலும் அப்படியே. ஒய்யின் இரண்டாம் வகைக்கெழுவோடு 4 ஒய் கூட்டினால் கொசைன் 2டி என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறப்புத் தீர்வு, டியில் கால் பங்கை சைன் 2டியால் பெருக்கியது. தள்ளுகிற தாளமும் ஆடுகிற தாளமும் ஒன்றானதால் டி வந்துவிட்டது.

ஈயின் அடுக்கு கழித்தல் டி வந்த கணக்கில் ஆடுகிற தாளம் இல்லை, தேய்கிற வேகம் இருக்கிறது. அங்கேயும் வெளியிலிருந்து வருவது உள்ளே இருப்பதோடு ஒத்துப்போகிறது. டி வளர்ந்தாலும் ஈயின் அடுக்கு கழித்தல் டி அதைவிட வேகமாகத் தேய்வதால் விடை கடைசியில் பூச்சியத்தை நோக்கித்தான் போகும். அந்த மூலம் இரட்டையாக வந்தால் டியின் வர்க்கம் தேவைப்படும்.

வலப்பக்கம் மடக்கையோ சீக்கென்டோ வந்தால் இந்த ஊக வழி செல்லாது. அதற்கு 18ஆம் நூற்றாண்டில் கணித அறிஞர் லெக்ராஞ்சு கையாண்ட மாறிலிகளை மாற்றும் முறை இருக்கிறது. தொகையீடு கொஞ்சம் நீளும், அவ்வளவுதான்.

அந்தப் பெண் விடவில்லை. “அப்ப ஊஞ்சல் ஏறிக்கிட்டே போகணுமே, ஏன் நின்னுடுச்சு?” நல்ல கேள்வி. கிளையில் கயிறு உராய்கிறது, காற்று தடுக்கிறது. அதனால் முதல் வகைக்கெழு சமன்பாட்டுக்குள் வந்துவிடும். தேயாத கொசைன் அப்போது நிரப்புச் சார்பில் இருக்காது, டியும் வேண்டியதில்லை. முதலில் எப்படித் தள்ளினோம் என்ற விவரமெல்லாம் நிரப்புச் சார்போடு தேய்ந்துபோகும். தள்ளிக்கொண்டே இருந்தால் ஒரு உயரத்தில் ஊஞ்சல் நிலைத்து ஆடும். நாங்கள் கண்ணால் பார்த்த அந்த நிலைத்த ஆட்டம்தான் சிறப்புத் தீர்வு.

நன்றி, வணக்கம்.