பதினைந்தாவது குழிக்குப் பக்கத்து வீடு: கோல்ஃப் குடியிருப்பில் வீடு வாங்கும் முன்

(திரையில்: விரிசல் விட்ட ஜன்னல் கண்ணாடி. கீழே தரையில் ஒரு வெள்ளைப் பந்து.)

கோல்ஃப் பந்தின் எடை ஒரு கோழி முட்டையை விடக் குறைவு. ஆட்ட விதிப்படி 45.93 கிராமைத் தாண்டக் கூடாது. ஆனால் சராசரி ஆட்டக்காரர் அடித்தால்கூட, மட்டையை விட்டுக் கிளம்பும்போது அது மணிக்கு இருநூறு கிலோமீட்டர் வேகத்தை எட்டிவிடும். அந்த வேகத்தில் பாதியோடு உங்கள் வீட்டு ஜன்னலுக்கு வந்தாலும் போதும், கண்ணாடிக்காரருக்கு வேலை வந்துவிடும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கிங்ஸ்டன் என்று ஓர் ஊர். அங்கே கோல்ஃப் மைதானத்தை ஒட்டி, பதினைந்தாவது குழிக்கு, அதாவது பந்தை அடித்துக்கொண்டு போகும் பதினைந்தாவது ஆடுபாதைக்குப் பக்கத்தில், ஒரு குடும்பம் 2017-இல் வீடு வாங்கியது. பின்பக்கம் பச்சைப் பசேலென்று புல்வெளி, நல்ல காற்று, அமைதி. அடுத்த சில ஆண்டுகளில் அந்த வீட்டு மனைக்குள் வந்து விழுந்த பந்துகள் 600-க்கும் அதிகம். ஜன்னல்கள் உடைந்தன, வெளிச்சுவர்ப் பலகைகள் அம்மைத் தழும்பு விழுந்த முகம்போல ஆயின. குடும்பம் வழக்குத் தொடுத்தது. நீதிமன்றத்தில் ஜூரி எனப்படும் நடுவர் குழு 35 லட்சம் டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. வட்டியும் சேர்ந்து ஏறக்குறைய 50 லட்சம்.

கதை அங்கே முடிந்திருந்தால் இந்த வீடியோவுக்குத் தேவையே இல்லை. 2022 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. காரணம் பத்திரத்தில் இருந்தது. அந்த மனை, மைதானம் நியாயமான முறையில் இயங்குவதற்கு இடம் கொடுக்கும் உரிமைகளுக்கு உட்பட்டே விற்கப்பட்டிருந்தது. கோல்ஃப் என்றால் சில பந்துகள் வழி தவறத்தான் செய்யும் என்பதும் அந்த உரிமைக்குள் அடங்கும். கீழ் நீதிமன்றம் நடுவர் குழுவுக்கு இதைச் சரியாக எடுத்துச் சொல்லவில்லை என்றது உச்ச நீதிமன்றம்.

பத்திரத்தில் ஓரிரு வரி. கையெழுத்துப் போடும் நாளில் அதை யார் நின்று படிக்கிறார்கள்?

(திரையில்: ஒரு குழியின் வரைபடம், மேலிருந்து. கீழே டீ, மேலே கிரீன், இருபுறமும் வீடுகள்.)

இந்தப் படத்தைப் பாருங்கள். கீழே, பந்தை முதலில் அடிக்கும் இடம் டீ. மேலே, கொடி நட்டிருக்கும் இடம் கிரீன். நடுவில் குட்டையாக வெட்டிவிட்ட நீளமான புல்வெளி ஃபேர்வே. விற்பனை அலுவலகத்தில் எல்லா மனைகளுக்கும் "ஃபேர்வே காட்சி" என்று ஒரே பெயர்தான் சொல்வார்கள். அந்த மனைகளுக்குள் இருக்கும் வித்தியாசம் சாதாரணமானதல்ல.

பெரும்பாலான ஆட்டக்காரர்கள் வலக்கைக்காரர்கள். பெரும்பாலான வலக்கைக்காரர்கள் சுமாராகத்தான் ஆடுவார்கள். அடிக்கும் நொடியில் மட்டையின் முகம் சற்றே வலப்புறம் திரும்பிவிட்டால் பந்து வலப்புறமாக வளைந்து ஓடும். இதற்கு ஸ்லைஸ் என்று பெயர். உலகத்தில் கோல்ஃப் பாடம் சொல்லித்தருகிறவர்களில் பாதிப் பேருக்குச் சோறு போடுவது இந்த ஸ்லைஸ்தான். எனவே டீயில் நின்று கிரீனை நோக்கிப் பார்க்கும்போது வலப்பக்கம் வருகிற வீடுகள், அதிலும் 150 முதல் 220 மீட்டர் தொலைவுக்குள் இருப்பவை, பந்து வாங்கும் வீடுகள். இடப்பக்கம் பரவாயில்லை. டீக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்குப் பந்து வராது. விடியற்காலையிலேயே பேச்சுச் சத்தம் வரும். ஃபேர்வே வளைந்து திரும்பும் குழியென்றால், வளைவின் உட்பக்க வீட்டுக் கூரைக்கு மேலாகவே பந்தைப் பறக்கவிட்டுக் குறுக்கு வழி தேடும் வீரர்களும் உண்டு.

புல் வெட்டும் இயந்திரம் முதல் ஆட்டத்துக்கு முன்பே, இருட்டோடு கிளம்பிவிடும். ஃப்ளோரிடாவில் குளத்துக் காட்சி என்றால் அந்தக் காட்சிக்குள் முதலையும் அடக்கம். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.

மற்ற எல்லாவற்றுக்கும் உண்டு. பணத்துக்கு வருவோம்.

(திரையில்: ஃப்ளோரிடா வரைபடம்.)

ஓய்வுபெற்றவர்களுக்குக் கோல்ஃபோடு சேர்த்து ஓர் ஊர் என்ற யோசனையை நாடெங்கும் பிரபலமாக்கியது, 1960 ஜனவரி 1 அன்று அரிசோனாவில் திறக்கப்பட்ட சன் சிட்டி. இன்று அந்த வாழ்க்கைக்குப் பேர்போன மாநிலம் ஃப்ளோரிடா. அங்கே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி வீட்டின் விலை அல்ல. "கோல்ஃப் கிளப்பில் உறுப்பினராவது கட்டாயமா?"

சில இடங்களில் விருப்பம் இருந்தால் சேரலாம். நேப்பிள்ஸ் வட்டாரத்தில் பரவலாக இருக்கும் இன்னொரு முறையில், கோல்ஃப் உரிமை வீட்டோடு ஒட்டியே வரும். மட்டையைத் தொடாதவரும் ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டும். மூன்றாவது வகையில் வீடு வாங்குகிறவர் கிளப்புக்குத் தனியாக ஒரு பெருந்தொகை கொடுத்து உறுப்பினராக வேண்டும். அந்தத் தொகையில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும் என்று ஒப்பந்தம் சொல்லும். எப்போது என்பதில்தான் விஷயம். புதிதாக மூன்று அல்லது நான்கு பேர் சேர்ந்தால்தான் வரிசையில் நிற்கும் ஒருவருக்குப் பணம் என்று விதி வைத்திருக்கும் கிளப்புகள் உண்டு. வரிசை நகரும்வரை சந்தாவும் ஓடிக்கொண்டிருக்கலாம். 2008 நெருக்கடிக்குப் பின் தெற்கு ஃப்ளோரிடாவில், இந்தச் சுமையை ஏற்க ஆளில்லாமல், நல்ல வீடுகளே அடிமாட்டு விலைக்குப் போயின.

வீட்டோடு வரும் உரிமையிலும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு குழு, குழுவுக்கு நான்கு பேர். காலை 7 முதல் பிற்பகல் 2 வரை 42 குழுக்கள், 168 பேர். பதினெட்டுக் குழி மைதானம் ஒன்றுக்கு எண்ணூறு வீடுகள் இருந்தால், வீட்டுக்கு ஒருவர் ஆடினாலும் உங்கள் முறை வர ஐந்து நாள் ஆகும். ஜனவரி முதல் மார்ச் வரை, வடக்கே பனி கொட்டும்போது, வீடுகள் நிரம்பியிருக்கும். வீடுகள் எத்தனை, குழிகள் எத்தனை என்ற இரண்டே எண்களைக் கேளுங்கள். விற்பனைப் பிரதிநிதி சற்று யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

மாதச் சந்தாவோடு கதை முடியாது. கிளப் உணவகத்தில் ஆண்டுக்கு இவ்வளவு சாப்பிட்டே ஆக வேண்டும் என்ற குறைந்தபட்சச் செலவு, வீட்டு உரிமையாளர் சங்கக் கட்டணம், இவை தவிர சொத்து வரி ரசீதில் தனி இனமாக இன்னொன்று வரக்கூடும். 1980-இல் வந்த ஃப்ளோரிடா சட்டப்படி, சாலை, குழாய், வடிகால் போட மேம்பாட்டு மாவட்டம் என்ற அமைப்பு கடன் பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டலாம். அந்தக் கடனை ஆண்டுதோறும் அடைப்பவர்கள் வீட்டுக்காரர்கள். பழைய வீட்டை வாங்கினால், மீதிக் கடன் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள்.

கிரீன்களையும் நீர்ப்பாசனக் குழாய்களையும் கிளப் கடைசியாக எப்போது புதுப்பித்தது என்றும் கேளுங்கள். மண்ணுக்கடியில் போகும் குழாய்க்கும் ஆயுள் உண்டு. ரிசர்வ் நிதி இல்லாத கிளப், குழாய் வெடித்த ஆண்டில் வீட்டுக்கு இவ்வளவு என்று பில் அனுப்பும்.

(திரையில்: காய்ந்து பழுப்பேறிய புல், அதற்கு அப்பால் பெரிய வீடுகள்.)

கடைசியாக, அந்தப் புல் யாருடையது? லாஸ் வேகஸில் குவீன்ஸ்ரிட்ஜ் என்ற பணக்காரக் குடியிருப்பு, பேட்லாண்ட்ஸ் மைதானத்தை ஒட்டிக் கட்டப்பட்டது. 2015-இல் மைதானத்தை ஒரு கட்டுமானத் தொழிலதிபர் குழு வாங்கியது. 2016-இல் ஆட்டம் நின்றது, தண்ணீர் நின்றது, புல் காய்ந்தது. அங்கே வீடு கட்டுவதா கூடாதா என்று ஆண்டுக்கணக்கில் வழக்குகள் நடந்தன. காட்சிக்காகக் கூடுதல் விலை கொடுத்தவர்கள் ஜன்னல் வழியே பார்த்தது பொட்டல் காடு. மைதானம் கிளப்புக்குச் சொந்தமா, உறுப்பினர்களுக்கா, தனியாருக்கா, அதை வேறு பயனுக்கு மாற்றத் தடை இருக்கிறதா என்பதை உங்கள் வழக்கறிஞர் நிலப் பதிவேட்டில் பார்த்துச் சொல்லட்டும். தரகர் சொல்வது போதாது.

ஃப்ளோரிடாவில் சங்கத்தின் கட்டணங்கள், கட்டுப்பாடுகள் அடங்கிய சுருக்க அறிக்கையை ஒப்பந்தத்துக்கு முன்பே விற்பவர் தந்தாக வேண்டும். தராவிட்டால், அது கைக்கு வந்த மூன்று நாட்களுக்குள், பத்திரப் பதிவு முடிவதற்கு முன், எழுத்து மூலம் பின்வாங்கலாம்.

(திரையில்: ஒரு வீட்டின் பின்புறம். வேலிச் செடிகள்.)

வீட்டைப் பார்க்கப் போவது செவ்வாய்க்கிழமை மாலையாக இருக்க வேண்டாம். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போங்கள். பின்புறத்தில் நாற்காலி போட்டு அரை மணி நேரம் உட்காருங்கள். கூரை ஓடுகளில் புதிய நிறத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறதா, பக்கத்து வீட்டு ஜன்னலில் வலை கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கிளம்பும் முன் வேலிச் செடிகளை விலக்கி அடியில் எத்தனை பந்துகள் கிடக்கின்றன என்று எண்ணுங்கள். ஒன்றுகூட இல்லையென்றால், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, நேற்று யாராவது வந்து பொறுக்கிக்கொண்டு போனார்களா என்று கேளுங்கள்.