மேடையில் தூண்டில் வீசுகிறவர்கள்

வணக்கம் நேயர்களே.

அமெரிக்காவின் வட மாநிலங்களில் ஜனவரி, பிப்ரவரி என்றால் ஏரிகள் உறைந்து கிடக்கும். படகுகள் ஷெட்டுக்குள் போய்விடும். தூண்டில்காரர்களுக்குக் கை துறுதுறுக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் மீன்பிடிக் கண்காட்சிகள் நடக்கும். பாஸ் மீன் போட்டிகளையே பிழைப்பாகக் கொண்ட தொழில்முறை ஆட்கள் அங்கே மேடையேறிப் பாடம் எடுப்பார்கள். மைக் ஐக்கனெல்லியும் பீட் குளூசெக்கும் இதற்கென்றே 'பாஸ் யுனிவர்சிட்டி' என்று வகுப்புகள் நடத்துகிறார்கள். பட்டமெல்லாம் கிடையாது. ஆனால் பள்ளிப் பிள்ளைகளைவிட அக்கறையாகக் குறிப்பெடுக்கிற நடுவயதுக்காரர்களை அங்கே பார்க்கலாம்.

இந்தப் பாடங்களில் எதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும், எதை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடலாம் என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் மீனைப் பற்றி இரண்டு வார்த்தை. விரால் பிடித்துப் பழகியவர்களுக்கு இந்தப் போட்டிகளின் நாயகனான பெரியவாய் பாஸை அறிமுகப்படுத்துவது சுலபம். இதுவும் பாசியோரத்தில், மரக்கட்டை நிழலில் பதுங்கியிருந்து பாய்கிற மீன். குஞ்சுகளுக்குக் காவல் நிற்கிற மீன். 1932இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த பாஸ் 22 பவுண்டு 4 அவுன்ஸ், பத்து கிலோவுக்குச் சற்று மேல். 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்தது அதைவிடத் துளி கூடுதல். ஆனாலும் பழைய உலக சாதனையை முறியடிக்க இரண்டு அவுன்ஸாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் இரண்டு பேருமே சாதனையாளர்கள்.

ஒரு காலத்தில் நல்ல தூண்டில்காரர் வாயைத் திறக்கவே மாட்டார். இடமும் சொல்லமாட்டார், இரையும் காட்டமாட்டார். அந்தப் பூட்டை உடைத்தது போட்டிதான். 1967இல் ரே ஸ்காட் என்ற காப்பீட்டு முகவர் ஆர்கன்சா மாநிலத்தின் பீவர் ஏரியில் 106 பேரைச் சேர்த்துப் போட்டி நடத்தினார். ஆரம்பகாலப் போட்டிகளில் குலுக்கல் முறையில் இரண்டு போட்டியாளர்களை ஒரே படகில் ஏற்றிவிடுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனிடம் எதை மறைப்பது? 1970களில் கலிஃபோர்னியாவின் டீ தாமஸ் என்ற தூண்டில்காரர் நீண்ட தூண்டில் கோலை வைத்துக்கொண்டு, கைக்கெட்டும் தூரத்துப் புதரில் சத்தமில்லாமல் செயற்கை இரையை இறக்குகிற 'ஃபிளிப்பிங்' முறையைப் போட்டிக்குள் கொண்டுவந்தார். சில வருடங்களில் நாடு முழுக்க அதையே செய்தார்கள். படகில் கசிந்த ரகசியம்தான் பிறகு மேடைக்கு வந்தது.

அந்த ஃபிளிப்பிங்கை மேடையில் செய்து காட்டும்போது பாருங்கள். எல்லார் கண்ணும் கோல் நுனியில் இருக்கும். நீங்கள் அவருடைய இடது கையைப் பாருங்கள். ரீலுக்கும் கோலின் முதல் வளையத்துக்கும் நடுவில் உள்ள தூண்டில் நரம்பை அந்தக் கை பிடித்து இழுத்து வைத்திருக்கும். இரை ஊஞ்சலாடி முன்னே போகும்போது கை மெல்ல விட்டுக்கொடுத்துக்கொண்டே போகும். அதனால்தான் இரை தண்ணீரில் 'தொப்' என்று விழாமல் நழுவி இறங்குகிறது. இரை மூழ்கும்போதும் அந்தக் கை நரம்பைப் பின்தொடர்ந்தே இறங்கும். பெரும்பாலான கடி அந்த இறக்கத்தில்தான் வரும். நரம்பு லேசாகத் துள்ளும், இல்லையென்றால் பக்கவாட்டில் நகரும், அவ்வளவுதான். இதைப் புத்தகத்தில் பத்துப் பக்கம் எழுதினாலும் புரியாது. நேரில் ஒரு நிமிடம் போதும்.

பிளாஸ்டிக் புழுவை முள்ளில் கோர்க்கிற 'டெக்சஸ் ரிக்' முறையும் இப்படித்தான், நேரில் பார்த்தால்தான் புரியும். தோட்டா வடிவ ஈயத்தைக் கூர்முனை மேலே இருக்கும்படி நரம்பில் கோர்த்து, கீழே முள்ளைக் கட்டுகிறார்கள். முள்ளின் நுனியைப் பிளாஸ்டிக் புழுவின் தலையில் கால் அங்குலம் குத்தி, வெளியே எடுத்து, முள்ளைத் திருப்பி, புழுவின் உடலில் மறுபடி குத்துகிறார்கள். இந்த இரண்டாவது குத்துக்கு முன்னால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். முள்ளைப் புழுவின் மேல் தொங்கவிட்டு, அதன் வளைவு எங்கே படுகிறது என்று அளந்து, அந்த இடத்தை விரலால் குறித்துக்கொள்வார்கள். அரைக்கால் அங்குலம் தப்பினாலும் புழு வளைந்துவிடும். வளைந்த புழு தண்ணீரில் சுழலும், நரம்பு முறுக்கிக்கொள்ளும், மீன் திரும்பிப் பார்க்காது.

சில கண்காட்சிகளில் 5,000 கேலன் கண்ணாடித் தொட்டியில் உயிருள்ள பாஸ் மீன்களை விட்டு, மேலே நின்று வீசிக் காட்டுவார்கள். அங்கே முன்வரிசை பிடித்துவிடுங்கள். மீன் இரையைக் கடிப்பதில்லை, வாயைத் திறந்து தண்ணீரோடு உறிஞ்சுகிறது. பிடிக்கவில்லை என்றால் கண்ணிமைக்கும் நேரத்தில் துப்பியும் விடுகிறது. மேலே கோல் பிடித்திருப்பவருக்குச் சில சமயம் ஒன்றுமே தெரியாது. 'இன்று மீனே இல்லை' என்று ஏரிக்கரையில் அலுத்துக்கொள்கிறவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய காட்சி இது.

இனி, கேள்வி நேரம். கேட்பதிலேயே வீணான கேள்வி எது தெரியுமா? 'என்ன கலர் இரை போடுவீர்கள்?' அதற்குத்தான் பதில் தயாராக இருக்கும், ஏனென்றால் அந்தக் கலர் பாக்கெட் வெளியே ஸ்டாலில் விற்பனைக்கு இருக்கும். பேச்சாளரின் சட்டையில் எத்தனை நிறுவனங்களின் சின்னம் தைத்திருக்கிறது என்று பாருங்கள். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. சோறு போடுகிறவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லித்தானே ஆக வேண்டும்! அதைக் கழித்துவிட்டுக் கேளுங்கள்.

'இந்த இரையை எந்த நிலையில் கீழே வைத்துவிட்டு வேறு ஒன்றை எடுப்பீர்கள்?' இப்படிக் கேட்டுப் பாருங்கள். மனிதர் ஒரு நொடி யோசிப்பார். அதன்பிறகு வருவதுதான் சரக்கு. தண்ணீர் கலங்கினால், காற்று நின்றால், மேகம் விலகி வெயில் ஏறினால் என்று அவர் மனசுக்குள் ஓடுகிற கணக்கு வெளியே வரும். போட்டித் தூண்டில்காரர் ரோலண்ட் மார்ட்டின் பிரபலப்படுத்திய 'பேட்டர்ன்' என்ற யோசனை இதுதான். ஒரு மீன் கிடைத்ததும் குதிக்காமல், அது எவ்வளவு ஆழத்தில், எந்த மறைவில், என்ன தெளிவுள்ள தண்ணீரில் இருந்தது என்று பார்த்து, அதே ஏரியில் அதே மாதிரி இடங்களைத் தேடிப் போவது. வசந்தத்தில் தண்ணீர் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும்போது ஆண் மீன்கள் ஆழமில்லாத ஓரங்களுக்கு வந்து கூடு தோண்டும். இலையுதிர் காலத்தில் பாஸ் மீன்கள் ஷேட் என்ற சிறுமீன்களைத் துரத்திக்கொண்டு ஓடை முகங்களுக்குள் நுழையும். தெர்மாமீட்டர் சொல்வதைக் கேட்டால் கலரைப் பற்றிய கவலை பாதி தீரும்.

இரண்டு மேடைகளில் இரண்டு பேர் நேர் எதிராகச் சொன்னால் குழம்ப வேண்டாம். பாஸ்மாஸ்டர் கிளாசிக் என்ற பெரிய போட்டியை நான்கு முறை வென்ற கெவின் வான்டாம் வேகமாக வீசி, வேகமாகச் சுற்றி, நிறைய இடங்களைத் தடவுகிறவர். மறைந்த ஆரன் மார்ட்டென்ஸ் மெல்லிய நரம்பில், அடியில் ஈயமும் மேலே முள்ளுமாகத் தொங்கும் டிராப் ஷாட்டை அலுங்காமல் ஆட்டியவர். இரண்டு பேருமே ஜெயித்தவர்கள். போட்டியில் அவர்களுக்குத் தேவை அன்றைக்கு ஐந்து பெரிய மீன். 250 குதிரைத்திறன் எஞ்சினில் ஏரியைக் குறுக்கே கடக்கிறவருடைய திட்டம், கரையில் நின்று வீசுகிறவருக்கு அப்படியே பொருந்தாது. நீங்கள் கரைவாசி என்றால் கையைத் தூக்கி அதைச் சொல்லிவிட்டே கேள்வி கேளுங்கள்.

இப்போதெல்லாம் பாதிப் பாடம் சோனார் திரையைப் பற்றியே போகிறது. மீன் இரையை நோக்கி நீந்தி வருவதை அப்படியே காட்டுகிற கருவி. அதற்குப் போட்டி அமைப்புகளே கட்டுப்பாடு விதித்திருக்கின்றன. உங்களிடம் அந்தக் கருவி இல்லையென்றால் அந்த நேரத்தில் வெளியே போய் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள், நஷ்டமில்லை.

வீட்டுக்கு வந்ததும் பத்து முறைகளையும் ஒரே நாளில் முயலாதீர்கள். ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கூடத்தில் ஒரு கோப்பையை வைத்து, முள் இல்லாத ஈயத்தை அதற்குள் இறக்கிப் பழகுங்கள். பெரிய பெரிய ஆட்களே பனிக்காலத்தில் அதைத்தான் செய்கிறார்கள். பனி உருகி முதல்முறை ஏரிக்குப் போகும்போது அந்த ஒரு முறைக்கான சாமானை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றப் பெட்டிகளைக் காரிலேயே பூட்டிவிட்டுப் போங்கள்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.